ஒற்றைக்கைத் தளபதியும் ஒளிக்கைப் பையனும்

நனைந்த சாக்கின் வாசனை. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மழை பிடித்துக்கொண்டால் வெங்காய மூட்டைகளைக் கடைக்குள் இழுத்துப் போடுவார்கள். அந்த ஈரச் சணல் மூச்சில் ஏறியதும் என் கால்கள் தாமாகவே வேகம் எடுக்கின்றன, இந்த வயதிலும், எங்கோ நேரமாகிவிட்டதுபோல. அந்தக் காலத்தில் காமிக்ஸ் அப்படித்தான் வந்து இறங்கும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில், சாக்கில் கட்டி, கடல் ஈரம் ஏறி, ஓரம் சுருண்டு. கடைக்காரர் சணலை அறுக்கும்போதே முதல் ஆளாக நிற்பேன். அந்தப் புத்தகத்தில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் என் அண்ணன் பேசுவான்.

எழுபதுகளின் கடைசி. ஹெராயினோடு பிடிபட்ட அண்ணனை மறுவாழ்வு நிலையத்தில் வைத்திருந்தார்கள். குவீன்ஸ்டவுன் வீட்டில் அப்பா அவன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யாராவது விசாரித்தால் அம்மா, "கப்பல்ல வேலைக்குப் போயிருக்கான்" என்பார். பின்னாளில் அவன் ஒரேயடியாக வீட்டை விட்டுப் போன பிறகும் அதையேதான் சொன்னார். அப்போது அது பொய் என்று அடித்துச் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை.

பார்க்கப் போனது நான் மட்டும். பள்ளியை முடித்து டிவி பாகங்கள் பூட்டும் ஃபேக்டரியில் சேர்ந்த புதிது. பஸ் மாறி, வரிசையில் நின்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஃபோனை எடுத்தால், அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு ஓர் ஆள். சாப்பிட்டியா? ம். தூங்குறியா? ம். கொடுத்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கரைந்துகொண்டே போகும். அவன் பார்வை என்னைத் தாண்டி, சுவரைத் தாண்டி, நான் போக முடியாத ஓர் இடத்தில் இருக்கும். என்ன பேசினால் இவன் திரும்புவான், எதைச் சொன்னால்?

ஒரு நாள் வேறு எதுவும் தோன்றாமல், புதிதாக வந்த காமிக்ஸைப் பற்றிச் சொன்னேன்.

"அண்ணே, தளபதி போயிட்டாருலா."

தலை நிமிர்ந்தது. "போயிட்டாருன்னா?"

"கல்லாயிட்டாரு. சூனியக்காரியும்தான். கோட்டையோட சேர்த்து எல்லாரையும் கல்லாக்கிட்டாங்க. இனிமே வேற ஆளுங்க."

"யாரு?"

"ஒரு பையன். உள்ளங்கையிலேர்ந்து வெளிச்சம் வரும். அப்புறம் ரெட்டைப் பிள்ளைங்க, பறப்பாங்க."

"ஏன், கால் இல்லையா அவங்களுக்கு?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். அம்மாவிடம்கூடக் காட்டவில்லை.

நாங்கள் எழுத்துக் கூட்டிப் படித்த காலத்திலிருந்து வரும் கதை அது. தளபதிக்கு ஆரம்பத்திலேயே வலது கை வெட்டுப்பட்டுவிடும். அதன்பிறகு ஓவியர் ஒரு கட்டத்தில்கூட மறக்கவில்லை. பல்லால் தலைப்பாகை கட்டுவார், மழை வந்தால் தோளைப் பிடித்துக்கொள்வார். சூனியக்காரிக்கு ஒவ்வொரு பொய்க்கும் ஒரு முடி நரைக்கும். நாங்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்குள் அவளுக்குப் பாதித் தலை வெள்ளை. அவர்கள் பேசுவதெல்லாம் செந்தமிழ். நாங்களும் அதில்தான் சண்டை போடுவோம். "அன்னையே, சோறு படைப்பீராக" என்று அண்ணன் கேட்டு, அகப்பையால் வாங்கியிருக்கிறான்.

புதியவர்கள் பேசியது மெட்ராஸ் பேச்சு. எங்களுக்கு அது இன்னும் தூரம்.

"'பேஜாரு'ன்னா என்னா?"

"தெரியல. டென்ஷன் மாதிரி இருக்கும்."

"கையிலேயே லைட் இருக்கு. அவனுக்கு என்ன டென்ஷன்?"

இப்படியே மாதங்கள் போயின. பிறகு மூட்டை வருவது நின்றுவிட்டது. "கப்பல் இன்னும் வரலம்மா, நான் என்ன நீந்தியா போய் எடுத்துட்டு வர முடியும்?" என்றார் கடைக்காரர். வெறும் வாயோடு போய் எப்படி அவன் முன்னால் உட்கார்வேன்? மறுபடியும் அந்த ம், அந்தச் சுவர்.

போனேன். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாததால் பழையவர்களையும் புதியவர்களையும் எடைபோட ஆரம்பித்தோம்.

"அந்தப் பையனை நெஞ்சுல குத்தினாங்கன்னு சொன்னேல்ல?"

"ஆமா."

"அடுத்த புக்குல?"

"சரியாயிட்டான்."

"கட்டு?"

"இல்ல."

"தழும்பு?"

"சட்டை போட்டிருந்தான்."

"தங்கச்சி..."

"சட்டை போட்டிருந்தான்லா, எனக்கு எப்படித் தெரியும்!"

அவன் ஃபோனைக் கை மாற்றிக்கொண்டான். "தளபதியைப் பாரு. எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் மழை பேஞ்சா வலிக்குது. அது கதை. இது? குத்துனாங்களாம், ஆறிடுச்சாம். யார்கிட்ட ரீல் விடுறான்?"

"ஏன், ஆறக் கூடாதா? ஆறினா என்ன கெட்டுப்போச்சு? எல்லாரும் காலம் பூரா கை இல்லாமலேதான் இருக்கணுமா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. காவலர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தளபதிதான் உயிர், அந்த ஒளிக்கைப் பையனை எனக்குக் கட்டோடு பிடிக்காது. ஆனாலும் அவனுக்காக வாதாடினேன், கோர்ட்டில் நிற்பவள்போல. அவன் நெஞ்சு ஆறித்தான் ஆக வேண்டும், ஒரே இதழில், தழும்பே இல்லாமல், எந்த மழைக்கும் வலிக்காமல்.

"நீ அந்தப் பையனைப் பத்தித்தானே பேசுற?"

"ஆமா."

"அப்ப ஏன் அழுவுற?"

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

எண்பதுகள் பிறந்து சில நாளில் அவன் வெளியே வந்தான். அப்பா கதவைத் திறந்தார். சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். சாங்கியில் புது விமான நிலையம் திறந்தபோது அவனுக்குச் சரக்குத் தூக்கும் வேலை கிடைத்தது. மூட்டைகள் மறுபடி வந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் இதழையும் அவன் தலையணைமேல் வைப்பேன். தொடமாட்டான். ஒருமுறை மட்டும் ஒளிக்கைப் பையன் வரும் பக்கத்தில் விரலை வைத்து, "நல்லாத்தான் வரையுறான்" என்றான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வாரம் உயிர் வாழ்ந்தேன்! ஃபேக்டரியில் திருகு முடுக்கும்போதும் நல்லாத்தான், நல்லாத்தான் என்று கை ஓடும்.

பிறகு, பிடிபடுவதற்கு முந்தைய நாட்களைப்போலவே, குளியலறைக் கதவு நெடுநேரம் சாத்தியே இருக்க ஆரம்பித்தது. உள்ளே குழாய் கொட்டிக்கொண்டே இருக்கும், யாரும் குளிக்கும் சத்தம் வராது. வெளியே நாங்கள் மூன்று பேரும் அந்தத் தண்ணீரைக் கேட்டபடி சாப்பிடுவோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தேக்காவிலிருந்து பஸ்ஸில் வரும் வழியிலேயே புத்தகத்தைப் பிரித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் கற்கோட்டை விரிசல் விட்டிருந்தது. கல்லுக்குள் தளபதியின் கண் திறந்திருந்தது. அதற்குமேல் படிக்கப் பொறுக்கவில்லை, இதை அவனிடம் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவான், கட்டாயம் விட்டுவிடுவான் என்று ஸ்டாப்பிலிருந்து ஓடினேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, லிஃப்டுக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். தோளில் பை. அப்பா ஏதோ கேட்டுவிட்டாரா, இவனாகவே கிளம்பினானா, தெரியாது. கண்கள் மறுபடியும் அந்தப் பழைய இடத்தில் இருந்தன.

"எங்க போற?"

"கூட்டாளி வீட்டுக்கு."

"எந்தக் கூட்டாளி?"

பையைப் பிடித்தேன். மெதுவாக என் விரல்களை எடுத்துவிட்டான்.

"அண்ணே, தளபதி திரும்பி வராருலா! கல்லு உடையுது, பாரு, பாரேன்!"

நின்றான்.

"கை?"

"என்ன?"

"கை இருக்கா அவருக்கு?"

நான் அவ்வளவு தூரம் படித்திருக்கவில்லை. புத்தகத்தை நீட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான். வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ படி தங்கச்சி. கை முளைச்சிருந்தா மட்டும் எனக்குச் சொல்லாத."