அலுமாரிக்குள் ஒரு கணக்குப் பாடம்

என் அம்மா அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடம் நடத்தினார் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. கேலி செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஹந்தானை மலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தவர்கள் மட்டும் நம்புவார்கள். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. தொங்குகிற சேலைகளுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு பேசினால் மழைச் சத்தம் கொஞ்சம் அடங்கும். அதைக் கண்டுபிடித்தவர் அம்மாதான், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மா எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணக்குப் படிப்பித்தார். ஆங்கிலத்துக்கும் சுற்றாடல் பாடத்துக்கும் எங்களுக்கு ஆள் கிடையாது. பன்விலப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சேர் இருந்தார், விஞ்ஞானப் பட்டதாரி. ஹேவாஹெட்டயில் ஒரு முஸ்லிம் டீச்சர், ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று கண்டி முழுக்கப் பேர். அவர்கள் இருவருடைய பாடசாலைகளிலும் கணக்குக்கு ஆள் இல்லை. மூன்று பேரும் கண்டியில் நடந்த ஒரு ஆசிரியர் செயலமர்வில், தேநீர் இடைவேளையில், ஒரே மேசையில் உட்கார்ந்து தங்கள் குறைகளைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள். மற்றவர்களாக இருந்தால் புலம்பிவிட்டு பஸ் ஏறியிருப்பார்கள். இவர்கள் வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பாடத்தைப் போனில் பேசிப் பதிந்து அனுப்புவது, மற்ற இரண்டு பாடசாலைகளிலும் அதைப் போட்டுக் கேட்பது என்று ஏற்பாடு.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, செய்ததற்கு யாரும் ஒரு சான்றிதழும் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தால் மூவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அப்போது எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. அம்மா பேசி முடிக்கும்வரை வீட்டில் சட்டி பானை உருளக் கூடாது, இருமக் கூடாது.

பன்விலயில் கோயில் ஸ்பீக்கரை இரவல் வாங்கினார்கள். எங்கள் பாடசாலைக்கு அப்பா வாடகைக்கு ஓட்டும் த்ரீவீலில் இருந்த பாட்டுப் பெட்டி போனது. "பாட்டு இல்லாத வண்டியில எவன் ஏறுவான்" என்று அப்பா ஒரு கிழமை முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே வகுப்புச் சுவரில் ஆணி அடித்து, வயர் இழுத்து, அவரே அதைப் பூட்டியும் கொடுத்தார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. காலையில் ஹயர் போகும்போது அம்மாவின் போனைக் கொண்டுபோய், கோயில் வளைவில் வண்டியை நிறுத்தி, பாடத்தை அனுப்புவதும் அப்பாவின் வேலைதான்.

ஒரு மழை நாள் மாலை, பாடம் பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்பது கேள்வி. நான் அதே ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அலுமாரிக்குப் பக்கத்தில் கட்டிலில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அம்மா பாடத்தில் ஒரு ரொட்டியை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். பிறகு அதே ரொட்டியை நான்கு பேருக்குப் பிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாலு பேர் இருந்தா நீங்க ரெண்டு ரொட்டி சுடுவீங்கதானேம்மா?"

அம்மா சேலைகளுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, "மா இல்லைன்னு வச்சுக்க" என்றார்.

"மா இல்லாட்டி பக்கத்து வீட்டுல வாங்குவீங்க."

அம்மா பேசவில்லை. மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. என்னை அடிக்கத்தான் போகிறார் என்று நான் சுவர்ப் பக்கம் நகர்ந்தேன். வெகுநேரம் கழித்து, "சரி, ரொட்டிய விடு. அப்பா வண்டியில பின்னுக்கு மூணு பேர் உக்காந்தா எப்பிடி இருக்கும்?" என்றார்.

"தாராளமா இருக்கும்."

"நாலு பேர்?"

"நெருக்கும். எனக்குக் கொஞ்சூண்டு எடந்தான் கெடைக்கும்." சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. "அப்ப நாலுல ஒன்னுதான் சின்னது."

"அதுதான் கண்ணு" என்று அம்மா போனை அணைத்தார். அவர் இதை அழித்துவிட்டுத் திரும்பப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கப் போனேன்.

அடுத்த கிழமை பன்வில சேரின் சுற்றாடல் பாடம் வந்தது. இலைகளைப் பற்றி அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், முடிவில் தொண்டையைச் செருமினார். வகுப்புச் சுவரில் இருந்த அப்பாவின் பெட்டியிலிருந்து அவர் குரல் வந்தது.

"ஹந்தானையில ரெண்டு ரொட்டி கேட்ட பிள்ளை, நான் சொன்னதில என்ன விளங்கேல்லை எண்டு அம்மாட்டச் சொல்லிவிடு. இஞ்ச இருக்கிறதுகள் வாயே திறக்குதுகள் இல்லை."

முழு வகுப்பும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. இடைவேளைக்குள் எனக்கு 'ரெண்டு ரொட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. டீச்சர் மகளுக்கே பின்னம் தெரியாது என்று மூன்று மலையிலும் தெரிந்துபோயிற்று. எனக்கு அந்த வயதில் இருந்த ஒரே சொத்து, டீச்சர் மகள் என்ற கெத்து மட்டும்தான். அது போனது.

அப்பா என் குரலோடு அதைக் கவனமில்லாமல் அனுப்பிவிட்டார் என்று நானே தீர்ப்பு எழுதினேன். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அம்மா அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். விளங்காவிட்டாலும் விளங்கியதுபோல் தலையாட்டப் பழகினேன். அப்படியே இரண்டு மூன்று பாடம் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு கோயில் வளைவில் நின்றபோது ஹேவாஹெட்ட டீச்சர் போன் எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், எங்கட புள்ளைகள் அந்தப் புள்ளைட சத்தம் எங்கேண்டு கேக்குறாங்க. அவ கேக்காட்டி இவங்களும் ஒண்டும் கேக்குறாங்க இல்ல. சும்மா குந்திக்கிட்டு இருக்காங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்னால் மூன்று பாடசாலைப் பிள்ளைகளையும் ஒரு நாள் எங்கள் பாடசாலையில் ஒன்று சேர்த்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்திலிருந்து பன்விலப் பிள்ளை ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள்.

"ரெண்டு ரொட்டி நீங்களா?"

அந்தப் பின்னல்களில் எதை முதலில் இழுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு" என்றாள் அவள். "எங்க வீட்டுலயும் ஆள் கூடுனா இன்னொன்னு சுடுவாங்க. சேர்கிட்ட கேக்க பயம். நீங்க கேட்டதுக்கு அப்புறந்தான் நானும் கையத் தூக்கினேன்."

இந்த இடத்தில் என் மனம் நெகிழ்ந்தது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், பாவம், இவளும் என்னைப்போல மக்குதான் என்று நினைத்தேன். மூன்று மலையிலும் உள்ள மக்குகளுக்கெல்லாம் நான் தலைவி என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் அவளுக்கு என் முட்டையில் பாதியைக் கொடுத்தேன்.

சாயங்காலம் பஸ் போனபிறகு, அந்தப் பெருமையில் அப்பாவை மன்னித்துவிடலாம் என்று த்ரீவீலில் ஏறி உட்கார்ந்தேன். ஏன் அன்றைக்கு அதைக் கவனிக்காமல் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் கேட்டேனே மகள், புள்ள சத்தமும் சேந்து கேக்குதே, திரும்பப் பேசித் தாறியான்னு. ஒங்கம்மாதான் அப்பிடியே போகட்டும்னு சொல்லிச்சு."

பெற்ற தாயே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அன்றிரவு சாப்பிடாமல் படுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையைத் தடவினார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

இப்போது நானும் கண்டியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பக்கத்து வகுப்பு டீச்சர் என் வாசலைக் கடந்து போகும்போது, தடுமாறிக்கொண்டிருக்கும் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிடுகிறேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அம்மா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து, அப்போதுதான் நியமனம் கிடைத்து வந்தவர். குழுவில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் பட்டதாரி, மற்றவர் பேர்போன ஆசிரியை. தன் சொந்த மகளுக்கே விளங்கவைக்க வழி தெரியாமல் வாயடைத்து நின்றதையும், வேறொரு வழி தேடிப் பிடித்ததையும், அவர்கள் இருவரும் கேட்கட்டும் என்று அம்மா ஒரு சொல் வெட்டாமல் அனுப்பினார். எனக்கு அன்று கேட்டதெல்லாம் என் குரல் மட்டும்தான்.