துப்பாக்கிக்குச் சுழி பார்த்தோம்

எங்கள் மலையில் துப்பாக்கி என்று சொன்னாலே ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் மட்டும் உயர்த்துவேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கிளப் உறுப்பினர் அட்டை இருக்கிறது. குப்புறப் படுத்துச் சுடுவதற்கென்றே முழங்கையில் ரப்பர் வைத்துத் தைத்த தடித்த கோட்டும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: புள்ளி.

தொழிலில் நான் பைப்காரன். ஜவ்வாது மலைமேல் போர்வெல் மோட்டாரும் பைப்பும் கப்ளிங்கும் விற்கிற கடை. ஞாயிற்றுக்கிழமையானால் கடையைச் சாத்திவிட்டு மலையிறங்கி, கலசப்பாக்கம் தாண்டி இருக்கிற எங்கள் கிளப்பின் சுடுதளத்துக்குப் போய்விடுவேன். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு காகித அட்டை. அதில் வட்டத்துக்குள் வட்டம். நட்டநடுவில் பத்துப் புள்ளி. அந்த நடுவட்டத்தை மட்டும் நான் தொந்தரவு செய்வதில்லை. மற்ற வட்டங்களுக்கெல்லாம் என் ஆதரவு எப்போதும் உண்டு.

மாநிலப் போட்டிக்குப் போக ஒரு குறைந்தபட்சப் புள்ளி வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அதன் வாசல்வரை போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். பழியைக் கிளப் துப்பாக்கியின் மேல் போட்டேன். பத்துப் பேர் கைபட்ட துப்பாக்கி, அதன் குழல் தேய்ந்திருக்கும் என்றேன். அதே துப்பாக்கியில் சுட்ட ஒரு கல்லூரிப் பெண் மாநிலத்தையும் தாண்டிப் போனாள். அவளுக்கு மட்டும் குழல் தேயவில்லை போலிருக்கிறது.

ஆகவே சொந்தத் துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன். போட்டிக்கு வேண்டியது போல்ட் ஆக்‌ஷன் வகை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கதவுத் தாழ்ப்பாளைப் போலக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். அதுவரை குழப்பமில்லை. குழலில்தான் குழப்பம். ஐம்பது மீட்டருக்குச் சின்னத் தோட்டா, முந்நூறு மீட்டருக்குப் பெரிய தோட்டா. என் லைசென்ஸில் இருந்ததோ ஒரே ஒரு துப்பாக்கிக்கான இடம். ஆசையோ இரண்டு. ஐம்பதிலேயே தேறாதவனுக்கு முந்நூறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள்.

இதற்கு வழியாகத்தான் குழல் மாற்றும் துப்பாக்கி வந்து சேர்ந்தது. உடம்பு ஒன்று, குழல் இரண்டு. இடுப்பு ஒன்றுதான், வீட்டில் இருக்கும்போது லுங்கி, வெளியே போனால் வேட்டி என்கிற மாதிரி. இரண்டு குழலையும் லைசென்ஸில் எழுத வேண்டும். ஆனால் துப்பாக்கி ஒன்று. மாதக்கணக்கில் கடையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். முக்கால் இஞ்ச் எல்போ கேட்டு வந்தவர்களுக்கு ஒரு இஞ்ச் எல்போ கொடுத்தனுப்பினேன்.

"பொண்ணுக்கு மாப்ள தேடறப்ப கூட இவ்ளோ தேடலயே நீங்க," என்றாள் மனைவி.

கிளப்பில் ஒரு வக்கீல் இருந்தார், என் வயதுக்காரர். அவரிடம் அப்படியொரு துப்பாக்கி இருந்தது. குப்புறப் படுக்க இனி முதுகுத்தண்டு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட, அதை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். "மொதல்ல உமக்குத்தான்யா சொல்றேன். ஞாயித்துக்கெழம வந்து சுட்டுப் பாரும். சாயந்தரத்துக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லிடணும். வேலூர்ல ஒருத்தர் ரெடியா இருக்காரு."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் மச்சானுக்கும் அடிவாரத்தில் வேலை இருந்தது. என் மனைவியின் அண்ணன். புதூர்நாட்டில் சாமையும் புளியும் வைத்திருக்கிறவர். உழவு மாடு ஒன்று பார்க்க இறங்கினார். அவர் ஜீப்பிலேயே நானும் தொற்றிக்கொண்டேன்.

மாடு பார்ப்பதில் எங்கள் பக்கத்தில் மச்சானை மிஞ்ச ஆளில்லை. பல், குளம்பு, திமில் எல்லாம் அப்புறம், முதலில் சுழி. மாட்டின் மேல் ரோமம் எங்கே சுழிக்கிறது, எப்படிச் சுழிக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். தாமணிச் சுழி இருந்தால் வீடு செழிக்கும். பாடைச் சுழி இருந்தால் அந்த மாட்டைச் சும்மா கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் தொழுவத்தில் கட்டமாட்டார்கள்; வீட்டிலிருந்து ஒரு பாடை கிளம்பிவிடும் என்று பயம். அன்று அவர் பார்த்த மாட்டுக்குச் சுழி சரியில்லை. வேண்டாமென்று சொல்லிவிட்டு, சுழி தேடிய கண்களோடு நேராகச் சுடுதளத்துக்கு வந்துவிட்டார்.

வக்கீல் பெட்டியைத் திறந்தார். தோளிலும் கன்னத்திலும் அணைத்துச் சுடுகிற பாகம் வால்நட் மரக் கட்டை, எண்ணெய் பூசிப் பூசி மினுமினுவென்று இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படி அடைக்கவில்லை. இதை என் மனைவி படிக்க மாட்டாள் என்கிற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

"இந்த வகைத் துப்பாக்கில பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் வக்கீல். "அஞ்சு குண்டு போடு. குழலக் கழட்டு. திரும்ப மாட்டி இன்னும் அஞ்சு போடு. ரெண்டு கூட்டமும் ஒரே எடத்துல விழுந்தா அது துப்பாக்கி. வேற வேற எடத்துல விழுந்தா அது தண்டவாளத் துண்டு."

படுத்தேன். சுட்டேன். ஐந்து குண்டும் ஐந்து திசையில், பந்தியில் இடம் கிடைக்காத சொந்தக்காரர்கள் மாதிரி நின்றன. வக்கீல் குழலைக் கழற்றினார். திரும்ப மாட்டப் போகும்போது தொழில் புத்தி என் வாயில் வந்துவிட்டது.

"மறைக்கு டெஃப்லான் டேப் சுத்த வேணாமா?"

"யோவ், இது தண்ணி பைப்பா? ஒழுகுதா?"

அளவு காட்டும் ஒரு சாவியால் அவர் திருகினார். சரியான இறுக்கம் வந்ததும் அது கிளிக்கென்று சொன்னது. அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திருகக் கூடாதாம். எனக்குக் கை பரபரத்தது. வாழ்நாளெல்லாம், இதற்கு மேல் போகாது என்றான பிறகும் இன்னொரு கால் சுற்றுப் போட்டுப் பழகிய கை அது.

அடுத்த ஐந்தும் சுட்டேன். அவையும் சிதறின, இந்தமுறை வேறு ஐந்து திசை. குழல் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்ததா இல்லையா என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

"இதுல துப்பாக்கிய எப்பிடிய்யா எடை போடறது?" வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். "குழல் திரும்ப வந்துதான்னு பாக்கணும்னா சுடறவன் மொதல்ல வந்த எடத்துக்கு வரணும். விசைய இழுத்ததும் தலையத் தூக்கி எங்க விழுந்துச்சுன்னு எட்டிப் பாக்கற. வருஷக்கணக்கா சொல்றேன். குண்டு என்ன உன் மச்சினிச்சியா, போறத எட்டிப் பாக்க?"

பின்னால் மச்சான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. நல்லவேளை, மச்சான் அதைக் கேட்கவில்லை. போல்ட்டைத் திறந்து மேசையில் வைத்திருந்த துப்பாக்கியின் கட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மாட்டைத் தடவுகிற அதே தடவல். முகம் மாறியது.

"மாப்ள, இங்க வாங்க."

போனேன்.

"இத்தப் பாருங்க. ரெண்டு சுழி. நடுவுல ரெண்டு கோடு, மூங்கி வெச்சாப்புல. இன்னா இது?"

"மர ரேகை, மச்சான்."

"பாடைச் சுழி. அப்பட்டமா பாடைச் சுழி."

"இந்த ரேகைக்காகவே இந்தக் கட்டையத் தேடிப் புடிச்சேன், ஐயா!" என்று பதறினார் வக்கீல்.

"அதான் வக்கீலய்யா உங்களுக்கு முதுகு புடிச்சிக்கிச்சு," என்றார் மச்சான், மிகுந்த பரிவோடு.

நான் சிரித்தேன். மாட்டுக்குச் சொன்னதை மரத்துக்குச் சொல்கிறீர்களே, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று கொஞ்சம் சொற்பொழிவும் செய்தேன். அதற்குள் மச்சான் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் என் வீட்டு அரசாங்கம் பேசியது.

"அண்ணா, நல்லா பாத்தியா? பாடைதானா?"

"ரெண்டு கோடும் தெளிவா தெரியுது, பாப்பா."

"அப்ப அந்தத் துப்பாக்கிய வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. அவுரு கேக்க மாட்டாரு. வேணும்னா அத்தயும் அவரையும் சேத்து மோட்டார் ரூம்ல வெச்சுக்க சொல்லு."

சிரிப்பு நின்றது. துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பீரோ என் வீட்டில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நுழையாத துப்பாக்கி எனக்கில்லை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அது வேலூருக்குப் போய்விடும். இனி இப்படியொன்று கைக்கெட்டிய தூரத்தில் வராது. என் முகம் எப்படி இருந்ததோ, கட்டை மாதிரி விறைப்பாக இருந்த மச்சானே இளகிவிட்டார்.

"இன்னொரு தரம் படுங்க, மாப்ள. எப்டி புடிக்கிறீங்கன்னு பாக்கறேன்."

படுத்தேன். கன்னத்தைக் கட்டையில் பதித்தேன். எனக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அட, தாடை மேல வந்து மூடிக்குதே! நுகத்தடி மூடற எடத்துல சுழி இருந்தா அது கணக்குல வராது. எங்கப்பா அப்டி ஒரு மாடு வெச்சிருந்தாரு, ஒண்ணும் ஆவல. ஆனா ஒண்ணு மாப்ள, குண்டு போய்ச் சேந்து, பொகை அடங்கற வரைக்கும் சுழி வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா என் தங்கச்சி தாலிக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

போல்ட்டை மடக்கினேன். மூச்சை விட்டேன். விசையை இழுத்தேன். வழக்கம்போலத் தலை எழும்பப் பார்த்தது.

"சுழி தெரியுது! மூடுங்க!"

பொத்தென்று கன்னத்தைப் போட்டேன். மூடநம்பிக்கை பற்றிச் சொற்பொழிவாற்றிய அதே ஆள்தான். அடுத்த குண்டுக்கும், அதற்கடுத்ததற்கும் கன்னம் கட்டையை விட்டு எழும்பவில்லை. மனைவி கையால் இன்னும் பல வருஷம் சாமைச் சோறு சாப்பிடும் ஆசை எனக்கு உண்டு. வக்கீல் குழலைக் கழற்றினார், மாட்டினார், கிளிக் கேட்டது. இன்னும் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து மச்சானின் குரல், இப்போது நிம்மதியாக: "மூடியிருக்குது... மூடியிருக்குது..."

அட்டையைக் கொண்டுவந்து பார்த்தோம். மூடச் சொல்லிக் கத்திய முதல் குண்டு மட்டும் தனியே ஓரத்தில் நின்றது. மற்றவை எல்லாம், குழல் கழற்றுவதற்கு முன்னும் பின்னும், ஒரு ரூபாய்க் காசை வைத்தால் மறைகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று. வக்கீல் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மச்சானை வெகுநேரம் பார்த்தார்.

"தலையத் தூக்காதன்னு நான் சொன்னா கேக்கல. பாடைன்னு அவர் சொன்னா கேக்குதா?"

"வக்கீலய்யா சட்டம் பேசினீங்க," என்றார் மச்சான். "நான் சாவப் பேசினேன்."

சாயங்காலம் வரை காத்திருக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஊருக்குப் போகும் வழியில் மச்சான் தங்கையிடம் நுகத்தடி நியாயத்தை எடுத்துச்சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டார்.

காகித வேலையெல்லாம் முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் சாமை கதிர் பிடித்திருந்தது. மனைவி செல்போன் விளக்கை அடித்து, கட்டையை முன்னும் பின்னும் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே.

"எங்கண்ணனுக்குக் கண்ணாடி மாத்தணும். இது பாடை இல்லீங்க. கோடு ரெண்டும் மாட்டக் கட்டற தாமணிக் கயிறாட்டம் கீழ சேருது பாருங்க. இது தாமணிச் சுழி. ரொம்ப ஒசத்தி. இத்தப் போயி மூடுவாங்களா? தாராளமா வெளிய தெரியட்டும்."

எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உயர்ந்த சுழியோடு போய்ப் படுத்தேன். சுட்டேன். தலை தாராளமாக எழும்பியது. குண்டுகள் தாராளமாகச் சிதறின. வக்கீல் அட்டையைப் பார்த்துவிட்டு, மச்சானுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

அன்று வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். "நல்லா பாரு. கீழ எங்க சேருது? சேரவே இல்ல. இது பாடைதான்."

"மூடநம்பிக்கைன்னு யாரோ பேசினாங்களாம், அண்ணன் சொல்லுச்சு."

"அது அப்ப. இப்ப சொல்றேன், இது சுத்தமான பாடை."

"தாமணி."

"பாடைடி. தயவு பண்ணி பாடைன்னு சொல்லு."

கட்டிய புருஷன் தன் சாவுக்குச் சுழி கேட்டு நிற்பதை அவள் கொஞ்சநேரம் ரசித்தாள். முற்றத்தில் காயப்போட்ட புளியை ஒருமுறை கிளறிவிட்டு வந்தாள். மறுபடி விளக்கை அடித்து, புருவத்தைச் சுருக்கி, அண்ணனைப் போலவே விரலால் தடவினாள்.

"ஆமாங்க," என்றாள். "பாடைதான். நான்தான் சரியா பாக்கல. ஜாக்கிரத, தாடைய எடுத்துடாதீங்க."

உதட்டோரம் சிரிப்பு இருந்தது. நான் அதைப் பார்க்காதது போல இருந்துகொண்டேன். இந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு எனக்குப் பெயர் வந்துவிட்டது, மயிரிழையில். இடது பக்கக் கட்டையில் அந்தச் சுழி இருந்த இடம் என் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது. அது பாடையா தாமணியா என்று இனி யார் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மச்சான் வந்தால் மட்டும், சுழியே இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன்.