மூன்றாவது நிமிடம்

விடுதி அலுவலகத் தொலைபேசியின் காதுப்பக்கம் எப்போதும் சூடாகவே இருக்கும். எனக்கு முன்னால் பேசிவிட்டுப் போனவளின் காதுச்சூடு ஆறுவதற்குள் என் முறை வந்துவிடும். நாமக்கல்லில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்த அந்த இரண்டு வருடங்களில், விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் படுக்கப்போகும் வரை ‘ஸ்டடி’தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கு இரண்டு நிமிடம் வீட்டோடு பேசலாம், வார்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பார்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டில் களை வெட்டிக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்க்கிற ஆள் என் அம்மா. அப்படிப்பட்ட வாயாடி எனக்காக இரண்டு நிமிடத்துக்குள் அடங்கப் பழகினாள். “நல்லாருக்கறயா சாமி? சாப்ட்டயா? பரீச்ச எப்படி? இங்க எல்லாம் நல்லாருக்கறோம். வெச்சர்றேன்.” வார்டன் கையைத் தூக்கும் முன்பே வைத்துவிடுவாள். கன்றுக்குட்டி செத்ததும் பெரியப்பா படுத்த படுக்கையானதும் விடுமுறைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன.

பள்ளியைக் குறை சொன்னால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். “இப்ப உக்காந்து படிச்சீன்னா நாளைக்கு நெழல்ல உக்காந்து சோறு திங்கலாம்” என்பாள் அம்மா, அது அப்படியே பலித்தது. சென்னையில் நல்ல வேலை. எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்காருவேன், மேலதிகாரிக்கு என்மேல் தனிப் பிரியம். அம்மாவோடு மட்டும் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, அதே மூன்று கேள்விகள், பரீட்சை இருந்த இடத்தில் வேலை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

போன ஐப்பசி மழையில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து அம்மா கையை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு என்னோடு பேசினாள், “எல்லாம் நல்லாருக்கறோம்” என்றுதான் சொன்னாள். பெரியம்மா மகன் சொல்லித் தெரிந்து, பதறிக்கொண்டு ஓடினேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“படிக்கற புள்ளகிட்ட எதுக்குச் சாமி இதெல்லாம்?” என்றாள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. தான் தவறாகச் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்த விடுதியில் தொலைபேசியும் இல்லை, வார்டனும் ஓய்வு பெற்றுவிட்டார். நான் தினமும் அம்மாவை அழைக்கிறேன். மூன்று கேள்விகள் முடிந்ததும் “வெச்சர்றேன் சாமி” என்கிறாள். “வைக்காதம்மா, எனக்கு நேரமிருக்கு” என்கிறேன். அவள் வைப்பதில்லை. கறவை மாடு கத்துவது கேட்கிறது, அவள் மூச்சுவிடுவது கேட்கிறது. மூன்றாவது நிமிடத்தில் என்ன பேசுவதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.