கழுதையின் முகத்தைத் துடைக்காத நாள்

1. முதல் தகடு

இத்தாலியின் பலெர்மோ நகரில் பதினொரு வருடம் சின்யோராக்களின், அதாவது சீமாட்டிகளின், வீடுகளில் வெள்ளிப் பாத்திரம் துடைத்த கை என்னுடையது. அதே நகரின் போர்கோ வெக்கியோ பகுதியில், செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடும் பட்டறையில் சேர்ந்த முதல் நாள், முதலாளி நீனோ மை பூசிய தகடொன்றைத் தந்து துடைக்கச் சொன்னார். பளபளவென்று துடைத்துக் கொடுத்தேன். பிரஸ்ஸில் விட்டால் வெறும் தாள் வந்தது.

"கோட்டுக்குள்ளை இருந்த மையையும் எடுத்துப்போட்டியே. மேலாலை மட்டும் துடை. படம் பள்ளத்துக்குள்ளைதான் இருக்கு," என்றார். அந்தக் கைப்பக்குவம் வர எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

2. கழுதை

போன வருடம் ஸ்பெயினிலிருந்து இனெஸ் என்ற ஓவியர் இங்கே கண்காட்சி வைக்கத் தன் தகடுகளோடு வந்தார். அவர்கள் நாட்டில் இருநூறு வருடத்துக்கு முன்பே பிரபுக்களைக் கழுதையாக வரைந்து அச்சடித்திருக்கிறார்களாம். இவரும் அந்த வழிதான். ஒரு தகட்டில், கோட்டுப் போட்ட கழுதை கதிரையில் இருக்கிறது. ஏப்ரன் கட்டிய பெண்ணொருத்தி முழந்தாளில் நின்று அதன் குளம்பைத் துடைக்கிறாள்.

கண்காட்சியின் செலவை ஏற்ற வக்கீல் முதல் தாளைப் பார்த்ததும் சிவந்துபோனார். நீனோவைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த நீனோ என் காதுக்குள் சொன்னார்: "அது தன்ரை முகமாம். நீ முதல் நாள் துடைச்ச மாதிரி, அந்த முகத்தை மட்டும் துடைச்சு அடி. இனெஸுக்குச் சொல்லாதை. அடுத்த மாதம் உன்ரை வதிவிட அனுமதி, பெர்மெசோ, புதுப்பிக்க என்ரை கையெழுத்து வேணுமெல்லோ."

எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி. மத்தியானம், மொண்டெல்லோவில் வீட்டுவேலை செய்யும் மனைவி ராணிக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பி, போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, கழுதையைத் துடைச்சால் இந்தப் பிள்ளை ஆருக்கு முன்னாலை முழந்தாளிலை நிக்கிறாள்? தன்ரை பாட்டிலையோ?"

"பெர்மெசோ?"

"அதைப் பிறகு பாப்பம். நீங்கள் துடைக்காதேங்கோ."

நீனோவிடம் போய், "மாட்டன். வேணுமெண்டால் நீங்களே துடையுங்கோ. இனெஸுக்கு நான் சொல்லுவன்," என்றேன். அவர் கத்தினார். நான் என் பாட்டில் மை பூசினேன். முகத்தில் ஒரு கோடும் தவறாமல் இருபது தாள் அடித்தேன்.

திறப்பு நாளன்று வக்கீல் அந்தப் படத்தின் முன் நின்றார். கழற்றச் சொன்னால் கழுதை தான்தான் என்று ஊருக்கே அறிவித்த மாதிரி. கைதட்டிவிட்டுப் போனார்.

"எப்பிடி அவரை அச்சொட்டாய்க் கீறினீங்கள்?" என்று இனெஸிடம் கேட்டேன்.

"தகடு செதுக்கி மூண்டு வருசம். அந்தாளை இஞ்சை வந்துதான் கண்டனான்," என்றார்.

நீனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மேலால் துடையுங்கள், பள்ளத்துக்குள் இருப்பதைத் தொடாதீர்கள். யார் சொன்னாலும்.