எல்லார் பேரிலும் ஒரே காய்

திரையில் ஆறு பேருடைய காயும் ஒரே காயாகத் தெரிந்த அந்தக் காலை இப்போதும் எனக்கு மறக்கவில்லை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறேன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஒவ்வொரு தோட்டக்காரர் காயிலும் ஒரு கை அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பி, கேமராவுக்குக் கீழே வைக்க வேண்டும். படம் அவரவர் பேரில் பதிவாகும். வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் எந்த மூட்டையைப் பிரிப்பது என்று முடிவு செய்வார்கள். கேமராவைத் திரையோடு சேர்த்துக் கொடுத்தவன் என் நாத்தனார் மகன். மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். என்னைப் போலவே கூட்டத்தில் வாய் திறக்காதவன்.

அன்று முதல் தட்டு போடிமெட்டுத் தோட்டக்காரர் ஒருவருடையது. நல்ல கரும்பச்சைக் காய். கடைசித் தட்டு ராசிங்காபுரத்துக்காரருடையது. வெளிறி, வாய் பிளந்த காய். வியாபாரிகள் வந்து திரையைத் திறந்தபோது ஆறு பேருக்கும் அந்த வெளிறிய காயே இருந்தது.

"ஏ ஆத்தா, என் காய எங்க கொட்டுன? இது எவன் வீட்டுச் சருகு?" என்று போடிமெட்டுக்காரர் கத்தினார்.

"நான் வைக்கும்போது பச்சையாத்தான் தெரிஞ்சது அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதலாளி மெதுவாக, "தட்ட மாத்திட்டியாம்மா?" என்றார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாதிரியை மாற்றுகிறவள் என்று பெயர் வந்துவிட்டால் போடியில் வேறு எந்தக் கூடத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

திரை திக்கித் திக்கி ஓடுகிறது என்று முதலாளி கூப்பிட்டதால் நாத்தனார் மகன் அந்த வாரம் இங்கேதான் இருந்தான். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை மேல தப்பில்ல. நான் பண்ணுன கோளாறு."

"அத்தைக்கு மருமகன் சாட்சியாக்கும்! நல்ல குடும்பம்ப்பா" என்றார் போடிமெட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கள் உறவே அதைப் பொய்யாக்கிவிட்டது. இனி என்ன சொன்னாலும் எடுபடாது.

அவன் வாதாடவில்லை. "அண்ணே, உங்க துண்டக் கொண்டாங்க. நீங்களே கேமராக்குக் கீழ வைங்க. அத்தை தள்ளி நிக்கட்டும்" என்றான். துண்டு பதிவானது, திரையில் துண்டுதான் தெரிந்தது. பிறகு அவர் குடித்து வைத்த டீ கிளாசை அவரையே வைக்கச் சொல்லிப் பதிந்தான். முதலில் பதிந்த துண்டின் படத்தைத் திறந்தான். அதிலும் டீ கிளாஸ்.

"அடேய், என் துண்ட கிளாசு முழுங்கிருச்சா?"

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "கேமராவோட வந்த நிரல் வேற மொழி. என் திரை ஜாவால ஓடுது. ரெண்டையும் பேச வைக்க நடுவுல உறை மாதிரி ஒரு நிரல் எழுதியிருக்கேன். கேமரா எல்லாப் படத்தையும் ஒரே எடத்துலதான் வைக்கும். புதுசு வந்தா பழசு மேலயே எழுதிரும். முன்ன ஒவ்வொரு படத்தையும் நகல் எடுத்தேன், அதான் திக்குச்சு. வெரசா ஓடட்டும்னு நேத்து நகல விட்டுட்டு எடத்த மட்டும் காட்டிவிட்டேன். ஆறு பேரு படமும் அந்த ஒரே எடத்தத்தான் பாக்குது."

திக்குகிறது என்று அவனைக் கூப்பிட்ட முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டான். தட்டை வைக்கும்போது திரையில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கு இடத்தைக் காட்டினால் போதும். பேர் போட்டுப் பதிகிற படத்துக்கு மட்டும் தனி நகல். போடிமெட்டுக்காரர் என்னிடம் வருத்தமெல்லாம் தெரிவிக்கவில்லை. மூட்டையை என் பக்கம் நகர்த்தி, "நீயே அள்ளி வையி ஆத்தா" என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

படம் எடுத்துவிட்டால் எடுத்ததுதான் என்று அதுவரை நம்பியிருந்தேன். கண்ணால் பார்த்த பச்சை, நான் திரும்புவதற்குள் வேறாகலாம் என்பது என் புத்திக்கு எட்டாத விஷயம். இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான். எப்போதாவது போன் செய்வான். "இன்னுமா மொதப் படத்தத் தெறந்து பாக்குறீங்க அத்தை?" என்று கேட்பான். "இல்லப்பா, அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு" என்பேன்.

இன்று காலையும் இரண்டாவது தட்டை வைத்ததும் முதல் படத்தைத் திறந்து பார்க்கிறேன். மாறாமல் இருக்கிறது. மூன்றாவதை வைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறேன்.