பின் சக்கரச் சத்தம்

எடைமேடை அறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சுவர் இடிக்கும். முன்னால் இழுத்தால் மேசை வயிற்றில் குத்தும். "வேற நல்ல வேலை கெடைக்கிற வரைக்கும் உக்காரு மாப்ள" என்று மேடைக்குச் சொந்தக்காரரான மனைவியின் அண்ணன், கல்யாணமான புதிதில் சொன்னார். அதை நம்பி உட்கார்ந்தவர், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் எழுந்தபாடில்லை. லாரி வரும், மேடையில் ஏறும், எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பார், லாரி போகும். தானும் தொற்றிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றும்.

லாரி வராத நேரத்துக்கு அந்தத் துப்பாக்கி விளையாட்டு இருந்தது. எடை போடும் கம்ப்யூட்டர் அரதப்பழசு. அதில் ஓடக்கூடியது அந்தப் பழைய ஆட்டம் ஒன்றுதான். திரையில் தன் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். எதிரே வருகிறவர்கள் அட்டையில் வெட்டியதுபோல் இருப்பார்கள். "என்னப்பா இது, ஒருத்தனுக்கும் மூக்கே இல்ல" என்று மகள் சிரித்திருக்கிறாள். ஆனால் புது ஆட்டங்களைப்போல் அது எதையும் வாங்கச் சொல்லி நச்சரிக்காது. அதே கிடங்கு, அதே படிக்கட்டு. எதிரி மட்டும் நேற்றுபோல் இன்று வரமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் ஓடலாம்.

அந்த ஆட்டத்தில் காதுதான் பாதி ஆயுதம். பலகையில் நடந்தால் ஒரு சத்தம், கல்லில் நடந்தால் வேறு சத்தம். கேட்ட கணமே திரும்பிச் சுட வேண்டும். யோசித்தால் கதை முடிந்தது. அது அவருக்கு ஊறிப்போயிருந்தது.

ஆட்டத்தில் அவர் பெயர் தராசு. எதிராளி பூனை, சத்தமில்லாமல் வருகிறவன். வேறு ஊரில் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளன். நேரில் பார்த்ததில்லை, ஹெட்போனில் பேச்சு மட்டும்தான். ஒரு காதில் ஹெட்போன், மறு காது லாரிக்கு.

"தராசு, எங்க கிடங்குல ஆள் எடுக்கறாங்கடா. நாள் பூரா நடக்கிற வேலை. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்" என்றான் பூனை அன்று.

"வேலைய விடறேன்னு மச்சான்கிட்ட எப்படிடா சொல்றது? நன்றி கெட்டவன்னு வீட்டுல ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேச மாட்டாங்க."

"அப்ப அவரே தொரத்தற மாதிரி பண்ணு."

அதற்கு வழி இருந்தது. சில டிரைவர்கள் பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு எடையைக் குறைப்பார்கள். அறையிலிருந்து பின்பக்கம் தெரியாது. இரும்புத் தகட்டில் முன் சக்கரம் ஏறும்போது ஒரு சத்தம், பின் சக்கரத்துக்கு இன்னொன்று; அதை வைத்துத்தான் பிடிப்பார். போன மாதம் சளியில் காது அடைத்து ஒன்று தப்பிவிட்டது. "இன்னொரு தடவை ஏமாந்தீன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்று மச்சான் கத்தினார். அன்று அது வசவாகத் தெரிந்தது. இன்று வரமாகத் தெரிந்தது.

"அடுத்த திருட்டு வண்டிய விட்டுடறேன்டா. சத்தியமா" என்றார்.

பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்: மச்சான் டீ கிளாசோடு லாரியின் பின்பக்கமாகப் போய் மறைந்தார். இந்த வண்டி திருடினால் அவர் கண்ணாலேயே பார்ப்பார்; இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டார்.

தகடு ஒருமுறை அதிர்ந்தது. அடுத்த சத்தம் வரவில்லை.

"பின் சக்கரம் மேல வரல. ஏத்துப்பா" என்று மேடையோரத்து ஒலிபெருக்கி அலறியது. அது தன் குரல் என்பது பிறகுதான் உறைத்தது.

"முதுகுலயும் கண்ணு வச்சிருக்கீங்களா சார்" என்று முனகிக்கொண்டே டிரைவர் வண்டியை நகர்த்தினான்.

மச்சான் உள்ளே வந்தார். முகமெல்லாம் பல். "நீ புடிக்கிறியான்னு பாத்துக்கிட்டே நின்னேன் மாப்ள. திரும்பிக்கூடப் பாக்காம புடிச்சிட்டியே. பக்கத்துல இன்னொரு மேடை போடறேன். இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வச்சுட்டா ரெண்டையும் நீயே பாத்துக்கலாம். வேற எவன நம்பறது?"

இப்போதாவது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார்.

"சரி மச்சான்" என்றது வாய்.

ஹெட்போனில் பூனை காத்திருந்தான். "என்னடா, விட்டுடறேன்னு சொன்ன?"

"வாய் முந்திக்கிச்சுடா."

"அப்ப நான் வேற ஆளச் சொல்லிடவா?"

"ம்."

"எங்க நிக்கிற இப்ப?"

"படிக்கட்டுக்குக் கீழ" என்று ஒளிக்காமல் சொன்னார். பூனை வந்து சுடும்வரை நகரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் மச்சான், சுவரில் ஜன்னலுக்குச் சாக்பீசால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.