தலைவாசல் கதவு

காதர்பேட்டையை ஒட்டிய அந்தப் பழைய வீட்டைப் பருத்தி வியாபாரி ஒருவர் கட்டினார் என்பார்கள். நாங்கள் பிழைக்க வந்தபோது அவருடைய பேரன் குடும்பம் முன்கட்டில் இருந்தது. பின்கட்டில் அறைக்கு ஒரு குடும்பம்: தேனிப் பக்கத்து டெய்லர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் நாசரேத்துத் தம்பதி, விருதுநகரிலிருந்து வந்த நாங்கள்.

தலைவாசல் எங்களுக்குக் கிடையாது. கக்கூஸை ஒட்டிய சந்துதான் வழி. ஆனால் வெள்ளிதோறும் அந்தத் தேக்குக் கதவைக் கழுவி, நிலைப்படியில் மஞ்சள் பூசியது என் அம்மா. பூசிவிட்டுச் சந்து வழியாகச் சுற்றி வருவார்.

அப்பா செத்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. சந்து வளைவில் பாடை திரும்பாது. “தலைவாசல் வழியா எடுத்துக்கிடுதோம்மா” என்று அம்மா கும்பிட்டுக் கேட்டார். வீட்டுக்காரம்மா கோபப்படவே இல்லை. மரியாதையில் ஒரு துளி குறையவில்லை.

“வெள்ளிக்கிழமைங்க. ஊட்டு லட்சுமியும் கூடவே போயிருமுங்க. சந்து வழியாவே கொண்டுபோயிருங்க.”

அப்பாவைச் சாய்த்துப் பிடித்து, கக்கூஸ் சுவரில் தோள் உரசக் கொண்டுபோனார்கள். டெய்லர் அண்ணன் அழுதுகொண்டே தலைமாட்டைப் பிடித்தார். தெருவுக்கு வந்ததும் மூடியிருந்த அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா காலையில் பூசிய மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

மறப்போம், மன்னிப்போம் என்பதெல்லாம் எனக்கு ஒத்துவராது. வீரபாண்டியில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் போட்ட பிறகு, காம்ப்ளக்ஸ் கட்ட அந்த வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய மரக்கடைக்கு ஓடிக் கதவை நிலையோடு வாங்கினேன். நிலையில் செதுக்கியிருந்த லட்சுமியை அம்மாவின் பூஜை அறைக்கு அனுப்பினேன். அவள் என்ன பாவம் செய்தாள்? கதவை யூனிட் கக்கூஸுக்கு மாட்டினேன். ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

போன மாதம் வீட்டுக்காரம்மா தேடிவந்தார். கதவை விற்றதால்தான் தொழில் படுத்துவிட்டது என்று ஜோசியர் சொன்னாராம். கதவைத் திருப்பிக் கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினேன். ஒடிசாப் பையன் ஒருவன் அதைத் திறந்து, ஈரக்கையை உதறிக்கொண்டு வெளியே வந்தான்.

“என்ன கண்ணு, இப்படிப் பண்ணிப்போட்டீங்க?”

நானும் மரியாதையைக் குறைக்கவில்லை. “எங்கப்பா கக்கூஸ் வழியாத்தானுங்க போனாரு. கதவில்லாத வழியா இருந்துச்சுங்க. போட்டுட்டேனுங்க.”

அவருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

“பரவால்லீங்க, கழுவிக்கறனுங்க. குடுத்துருங்க.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. எதையும் வெளிய குடுக்க மாட்டமுங்க.”

“நாளைக்கு வரட்டுங்களா?”

“வாங்க. ஆனா வெள்ளிக்கிழமையாப் பாத்தே வாங்க.”